கணக்கில் வராத பனம்பழம்

பூவரசந்துறையில் பீரங்கிச் செல்கள் பனம்பழங்களாக விழத் தொடங்கிய வருடம் ஊரில் மின்சாரம் நின்று ஐந்து வருடமாகியிருந்தது. மண்ணெண்ணெய் மருந்துப் போத்தலில் அளந்து விற்கப்பட்டது. சங்கக்கடைக்குச் சவர்க்காரம் வந்தால் கலியாணத்துக்குச் சொல்வதுபோல் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். மீற்றர் வாசிப்பவரான அருமைநாயகம் மட்டும், மின்சாரம் இருந்த காலத்தைப் போலவே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கஞ்சி போட்டு மினுக்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் மீற்றர் வாசிக்கப் போய்க்கொண்டிருந்தார். கம்பியில் ஒன்றும் வராவிட்டாலும் கந்தோரிலிருந்து சம்பளம் வந்துகொண்டிருந்தது. சம்பளம் வருகிறவரைக்கும் வாசிக்கத்தானே வேண்டும் என்று அவர் நினைத்தார். ஊரும் அதில் பிழை காணவில்லை. அவர் படலையடியில் மணி அடித்தால் திறந்துவிட்டார்கள், அவர் சுவரில் கிடந்த மீற்றருக்கு முன்னால் நின்று பார்த்தார், போன மாதத்து இலக்கமே இந்த மாதமும் இருந்தது, போட்டு வாறன் என்று சொல்லிக்கொண்டு போனார்.

கடலேரிக்கு அக்கரையில் முகாம் இருந்தது. அங்கே பீரங்கி குத்துகிற சத்தம் கேட்டால் பூவரசந்துறையில் எல்லோரும் எண்ணத் தொடங்குவார்கள். தேங்காய் துருவுகிறவள் துருவுவதை விடாமல் எண்ணுவாள், வாத்தியார் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணுவார், பதுங்கு குழியான பங்கருக்குள் இறங்குகிறவர்கள் படிக்கொன்றாக எண்ணிக்கொண்டு இறங்குவார்கள். எண்ணி முடிவதற்குள் செல் விழும். அடி ஓய்ந்த பிறகு ஊருக்குப் பொறுப்பான விதானையார் அம்பலவாணர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவார். எத்தனை குத்தினான், எத்தனை விழுந்தது என்று ஒழுங்கை ஒழுங்கையாக விசாரிப்பார். விழுந்து வெடிக்காத ஒன்று யாருடைய வளவிலாவது கிடந்தால், அதை முதலில் காண்பது ஓர் ஆடாகவோ ஒரு குழந்தையாகவோதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே குத்தியதும் விழுந்ததும் சரியாக வந்தால்தான் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். சரிவராத நாட்களில் சரிவரும்வரை பட்டினி கிடப்பார். அவருடைய பெண்சாதி தனக்கொன்று அவருக்கொன்றாக இரண்டு பானை வைத்துச் சமைக்கப் பழகியிருந்தாள்.

வைகாசியில் ஒரு மத்தியானம் ஆறு குத்துச் சத்தம் கேட்டது. ஊர் எண்ணியது. பிறகு சந்தைப் பக்கமாகத் தொம் தொம் என்று ஆறு தரம் கேட்டது, ஆனால் வெடிக்கவில்லை. பங்கர்களில் இருந்தவர்கள் காதைப் பொத்தியபடி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். விதானையார் போய்ப் பார்த்தபோது, சுற்றுவட்டாரத்தில் ஒரு பனைகூட இல்லாத சந்தை வீதியில், பழுக்கிற காலத்துக்கு மூன்று மாதம் முந்தியே, கறுத்துப் பளபளத்த ஆறு பனம்பழங்கள் தாரில் புதைந்து கிடந்தன. விதானையார் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஆறு குத்து, ஆறு பழம். கணக்குச் சரி. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

முதல் நாள் ஒருவரும் அவற்றைத் தொடவில்லை. இரண்டாம் நாள் ஒரு மாடு தின்றது, மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் சந்தைக்கு முன்னால் பணியாரம் சுட்டு விற்கும் பறுவதம் ஒன்றை எடுத்துச் சுட்டு, பிசைந்து, மாவும் சீனியும் போட்டுப் பொரித்து, அந்தோனியார் கோயில் பங்குச் சுவாமிக்கும் விதானையாருக்கும் அனுப்பிவிட்டு, தான் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“கொஞ்சம் ஆணி கடிச்ச மாதிரிக் கிடக்கு. சீனி கூடப் போட்டால் தெரியாது.”

அதற்குப் பிறகு அது ஊர் வழக்கமாயிற்று. பங்கர்களின் மேல் அடுக்கிய மண்மூட்டைகளில் பாயை விரித்துப் பழக்களியைப் பனாட்டாகக் காயவைத்தார்கள். சவர்க்காரம் இல்லாத குறைக்குப் பழச்சாற்றில் உடுப்புத் தோய்த்தார்கள். ஊர் முழுவதும் மெல்லிய மஞ்சளாகி, பக்கத்து ஊர்ச் சந்தையில் பூவரசந்துறையாரைச் சட்டையை வைத்தே இன்ன ஊர் என்று சொன்னார்கள். வேலிக்கு மேல் விழுந்த பழம் யாருக்குச் சேரும் என்று இரண்டு வீட்டார் அடிபட்டுக்கொண்டபோது, பழத்தின் மூடி எந்த வளவைப் பார்க்கிறதோ அந்த வளவுக்கு என்று விதானையார் தீர்த்துவைத்தார். செல் பழமாவது ஏன் என்று சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள். பெரியவர்கள் செல் ஏன் வருகிறது என்பதற்கே விடை தெரியாதவர்களாக இருந்தபடியால் இதற்கும் சொல்லவில்லை.

ஆனால் எல்லாச் செல்லும் பழமாகவில்லை. பழம் விழுந்த அதே கிழமையில் வெதுப்பகத்தின் மேல் செல் செல்லாகவே விழுந்து, மாப் பிசைந்துகொண்டிருந்த இருவரைக் கொன்றது. ஆகவே ஊருக்கு வேண்டியிருந்தது ஏன் என்பதல்ல, எப்போது என்பதுதான். தான் மத்தியானத்தில் ஓதத் தொடங்கியதனால்தான் என்று பிள்ளையார் கோயில் ஐயர் சொன்னார். அந்தோனியார் கோயில் சுவாமி, தாம் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை, ஆனால் முதற் பழங்கள் விழுந்தது அந்தோனியாருக்குரிய கிழமையில் என்று மட்டும் சொன்னார். பூசையை மத்தியானத்துக்கு மாற்றிய இரண்டாம் நாள் செல் விழுந்து மணிக்கூண்டு பிளந்தது. அந்தோனியாருக்கு விசேட வழிபாடு வைத்த கிழமை அவருடைய சுருவச் சிலையின் கை போயிற்று. இரண்டு பேரும் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒருவரையொருவர் கண்டால் மழையைப் பற்றிக் கதைத்தார்கள்.

எப்போது என்பது ஊரில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவள் அருமைநாயகத்தின் பெண்சாதி சறோஜினிதேவி.

கடற்கரை ஒழுங்கையில் யோகாம்பிகை என்றொருத்தி தனியாக இருந்தாள். அவளுடைய புருசன் தில்லைநாதன் கொழும்பில் வேலைக்குப் போனவர், பாதை பூட்டுப்பட்ட பிறகு அங்கேயே நின்றுவிட்டார். அவள் கோழி வளர்த்தாள், சட்டை தைத்துக் கொடுத்தாள். அவளுடைய வீட்டு மீற்றரை வாசிக்க அருமைநாயகத்துக்கு மற்ற வீடுகளைவிடக் கூடுதலான நேரம் பிடித்தது என்பதும், மாதத்துக்கு ஒருமுறை வாசிக்க வேண்டியதை அவர் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் வாசித்தார் என்பதும் சறோஜினிதேவிக்கு முந்தியே தெரியும். தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் ஏதாவது செய்ய வேண்டும். தாய் வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது கிணற்றில் குதிக்க வேண்டும், அல்லது கிணற்றில் குதிக்கப் போவதாகச் சொல்லவாவது வேண்டும். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. மகள் நிரோஜா மார்கழியில் ஓ.எல். பொதுச் சோதனை எழுத இருந்தாள்.

அந்தச் சோதனைதான் சறோஜினிதேவியை வீட்டிலிருந்து வெளிக்கிடச் செய்தது. பள்ளிக்கூடம் ஊருக்கு நடுவில் ஓட்டுக் கூரையோடு நின்றது. அத்தனை பிள்ளைகளையும் கொள்ளுகிற பங்கர் அங்கே இல்லை. கணிதமும் விஞ்ஞானமும் மத்தியானத்தில். மத்தியானங்கள் அக்கரைக்காரன் குத்துகிற நேரம். அந்த ஓட்டுக்குக் கீழே தன் பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டிருப்பதை அவள் ஒவ்வொரு நாளும் உலை கொதிக்கும்போது பார்த்தாள். ஐப்பசியில் ஒரு காலை, குளித்து, நல்ல சேலை உடுத்து, விதானையார் வீட்டுக்குப் போனாள்.

“விதானையார், பழம் விழுகிறது எப்ப எண்டு எனக்குத் தெரியும்.”

“இரும் பிள்ளை. எப்ப?”

“என்ர மனுசன் கடற்கரை ஒழுங்கையில யோகத்தின்ர வீட்டை நிக்கேக்க.”

விதானையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மீற்றர் வாசிக்கவோ?”

“மீற்றர் வாசிக்க ஒரு நிமிசம் காணும்.”

விதானையார் கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார். “மற்ற நேரம்?”

“மற்ற நேரம் என்னோட நிக்கிறார்,” என்றாள் சறோஜினிதேவி. “அப்பதான் செல்.”

உள்ளே விதானையாரின் பெண்சாதி அரிசி அரிப்பதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அரிக்கத் தொடங்கினாள்.

ஊர்ச்சபை கூடியது. முதலில் எல்லோரும் கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் முகத்தைச் சுழித்தார்கள், அது ஒரு அரை மணித்தியாலம் எடுத்தது. பிறகு, சொன்னது மெய்தானோ என்று பார்த்துவிட்டு முகத்தைச் சுழிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அருமைநாயகத்தின் சைக்கிள் எங்கே நிற்கிறது என்று இரண்டு கிழமை பார்த்தார்கள். அவள் சொன்னது ஒரு நாளும் பிழையாய்ப் போகவில்லை. தில்லைநாதனிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமோ என்று சுவாமி கேட்டார். கடலேரியால் இரவில் வள்ளத்தில் ஆளனுப்பிக் கேட்பதற்கு இது தக்க கேள்வியல்ல என்று சபை முடிவு செய்தது. ஆகவே விதானையாரும் ஐயரும் பறுவதமும் யோகாம்பிகையின் வீட்டுக்குப் போனார்கள். பறுவதம் கையில் பணியாரம் கொண்டுபோனாள்.

யோகாம்பிகை அவர்கள் சொன்னதை நின்றபடியே கேட்டாள். கோழிகள் கால்களுக்கிடையில் திரிந்தன.

“எனக்கு வெக்கமாக் கிடக்கு,” என்றாள். “உங்களுக்கு இல்லையோ?”

“வெக்கத்தைப் பற்றிப் பிறகு கதைப்பம் பிள்ளை,” என்றார் ஐயர். “மார்கழியில சோதனை.”

“நான் ஊருக்கெண்டு ஒண்டும் செய்யேல்லை ஐயா. எனக்கெண்டுதான் செய்தனான். எனக்கெண்டு கிடந்தது அது ஒண்டுதான்.”

“அதை ஒருத்தரும் பறிக்கேல்லையே,” என்றாள் பறுவதம். “கொஞ்சம் நேரத்துக்குச் செய்யெண்டுதானே கேக்கிறம். இந்தா, சூட்டோட சாப்பிடு.”

அருமைநாயகத்திடம் கேட்க ஒருவரும் போகவில்லை. அவருடைய சைக்கிளுக்கு ஒரு புது ரயர் கிடைத்தது, ரயர் என்பது அந்த நாட்களில் பவுண் மாதிரி. அவருக்கு விளங்கிவிட்டது.

ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. கடற்கரை ஒழுங்கையைக் கூட்டிப் பள்ளங்களுக்கு மண் போட்டார்கள். நாய்களைக் கட்டினார்கள். யோகாம்பிகையின் வீட்டுக்கு விறகும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சுண்டு அளந்த அரிசியும் போயின. அருமைநாயகம் முன்பு படலை கிறீச்சிடாமல் இருக்கத் தூக்கிப் பிடித்துத் திறப்பார், இப்போது யாரோ பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள், படலை தானாகவே திறந்தது. அவர் சைக்கிளில் போகும்போது சந்தியில் குந்தியிருந்த ஆட்கள் எழும்பி வழிவிட்டார்கள்.

“மாஸ்ரர், இண்டைக்குக் கொஞ்சம் வெள்ளனப் போனால் நல்லது. அக்கரையில லொறி ஓடுற சத்தம் கேக்குது.”

“வெயில் மாஸ்ரர், குடை தரட்டோ?”

அவர் ஒருவருக்கும் மாஸ்ரராக இருந்ததில்லை. அவர்கள் அப்படிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். சந்தை நாட்களிலும் செத்தவீட்டு நாட்களிலும், கலியாண வீடுகள் கேட்டுக்கொண்டால் அந்த நாட்களிலும் அவர் போனார். வெயில் என்றும் மழை என்றும் பாராமல் போனார். ஐயர் குடையைப் பிடித்துக்கொண்டு படலைக்கு வெளியே நின்று, உள்ளே ஆள் போய்விட்டது என்று சந்திக்குக் கைகாட்டினார். வீட்டில் சறோஜினிதேவி அவருடைய சட்டையைத் தோய்த்து மினுக்கிக் கொடுத்தாள். அப்போது அவர்கள் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. முன்பும் கதைத்ததில்லை.

கார்த்திகையில் பழங்கள் சிறுத்தன. முதலில் நன்றாகப் பழுக்காதவை விழுந்தன. பிறகு நுங்குமில்லாமல் பழமுமில்லாமல் முற்றிய காய்கள் விழுந்தன, சுட்டாலும் அவை இளகவில்லை. ஒருநாள் பறுவதம் ஒன்றை வெட்டியபோது கத்தி முறிந்தது, உள்ளே மூன்று கொட்டைக்குப் பதிலாக இரண்டு கொட்டையும் ஒரு இரும்புத் துண்டும் இருந்தன. அதற்கடுத்த கிழமை விழுந்த காய்களில் ஒன்று புகைந்து பாதி வெடித்து, தண்ணீர் அள்ளப் போன ஒருவரின் கால்விரல்கள் இரண்டைக் கொண்டுபோயிற்று.

“ரெண்டு பேருக்கும் ஏதும் மனத்தாங்கலோ?” என்று சபையில் கேட்டார்கள். புதிதாகக் கலியாணம் கட்டின பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் யாராவது போய் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. யார் சொன்னால் எடுபடும் என்று யோசித்து, சறோஜினிதேவியைக் கேட்டார்கள். சோதனைக்கு ஒரு கிழமை இருந்தது. அவள் போனாள்.

யோகாம்பிகை அவளுக்குப் பாய் போட்டாள், தேத்தண்ணி வைத்துப் பனங்கட்டித் துண்டோடு கொடுத்தாள்.

“என்ன பிரச்சினை யோகம்?” என்று கேட்டாள் சறோஜினிதேவி. “நீர் ஏதும் ஏசினீரோ?”

“இல்லை அக்கா. அவர் வாறார், கதிரையில இருக்கிறார். நான் தேத்தண்ணி குடுக்கிறன். குடிக்கிறார். வெளியில ஐயர் செருமுறார். பிள்ளையளின்ர சோதனை வருது எண்டு அவர் சொல்லுவார், ஓம் எண்டு நான் சொல்லுவன். ரெண்டு பேரும் அக்கரைப் பக்கம் காதைக் குடுத்துக்கொண்டு இருப்பம். ஆஸ்பத்திரியில துண்டெடுத்துப்போட்டு முறை வரும்வரை இருக்கிற மாதிரி.”

“முந்தி?”

யோகாம்பிகை தலையைக் குனிந்துகொண்டாள். “அக்காவுக்கு அதை எப்பிடிச் சொல்லுறது?”

“சொல்லும். சோதனை வருகுது.”

“முந்தி மீற்றருக்கு முன்னால நிண்டு இலக்கத்தைச் சத்தமா வாசிப்பார். அஞ்சு வருசமா ஒரே இலக்கம். ஆனால் ரேடியோவில புதினம் சொல்லுற மாதிரி, அண்டைக்குத்தான் அது மாறினது மாதிரி வாசிப்பார். எனக்குச் சிரிப்பு வந்திடும். அதிலதான் தொடங்கினது.”

சறோஜினிதேவி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். பிறகு, “எங்கட வீட்டு மீற்றரை அவர் ஒருநாளும் வாசிச்சதில்லை,” என்றாள். “சொந்த வீட்டை வாசிக்கக் கூடாதாம். சட்டமாம். வேற ஆள் வரும்.”

யோகாம்பிகை தேத்தண்ணிக்குக் கிட்ட வந்த கோழியைக் கையால் விரட்டினாள்.

“அக்கா, ஊர் எங்களை ஏசவேணும்,” என்றாள் யோகாம்பிகை. “கிணத்தடியில என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பவேணும். அப்பதான் இந்த வீட்டுக்குள்ள நாங்கள் ரெண்டு பேரா இருப்பம். இப்ப ஊர் முழுக்க உள்ளுக்கை நிக்குது.”

சறோஜினிதேவி அதை அப்படியே சபையில் சொன்னாள். யோகாம்பிகையையும் அருமைநாயகத்தையும் இன்றிலிருந்து வெறுப்பது என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. ஆனால் தீர்மானித்த மாதிரிச் செய்ய ஊருக்குக் கைவரவில்லை. கிணற்றடியில் பெண்கள் முகத்தைத் திருப்பினார்கள், திருப்பினவர்கள் உடனே திரும்பவும் பார்த்து, இருமல் சுகமோ என்று கேட்டார்கள். சந்தியில் அருமைநாயகத்தைக் கண்டு எழும்பாமல் இருக்க முயன்றவர்கள் பாதி எழும்பிய நிலையில் நின்றார்கள். வெட்கங்கெட்டவள் என்று சொல்லுகிற வேலை பறுவதத்திடம் கொடுக்கப்பட்டது. அவள் யோகாம்பிகையின் படலைக்குப் போய் அதைச் சொன்னாள், சொல்லிவிட்டு, “குறை நினையாதை பிள்ளை, சொல்லச் சொன்னவை,” என்றாள். அன்றைக்கு விழுந்த காய்கள் மூன்றும் புகைந்தன.

சோதனை தொடங்குகிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம் விதானையார் சறோஜினிதேவியின் படலையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. சைக்கிள் மணியைச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீர்தான் ஏசவேணும் பிள்ளை,” என்றார்.

“நான் ஏசாமல் இருந்து பழகினனான் விதானையார்.”

“தெரியும்.”

சோதனையின் முதல் நாள் கணிதம். நிரோஜா கொம்பாசுப் பெட்டியையும் அவித்த முட்டையையும் எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் அருமைநாயகம் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று கணக்குப் பார்த்து, சறோஜினிதேவி கடற்கரை ஒழுங்கைக்கு நடந்தாள். ஊர் வேலிகளுக்குப் பின்னால் நின்றது. ஐயரைக் குடையோடு அனுப்பிவிட்டிருந்தார்கள். அவள் படலைக்கு முன்னால் நின்று, ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்ததைச் சொன்னாள். வெட்கங்கெட்டவளே என்றாள், குடிகெடுத்தவளே என்றாள். அது பறுவதம் சொன்ன மாதிரித்தான் இருந்தது. வேலிக்குப் பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

அப்போது கொடியில் கிடந்த ஒரு வெள்ளைக் கைலேஞ்சியை அவள் கண்டாள். தான் புருசனுக்கு ஓரம் தைத்துக் கொடுத்த கைக்குட்டை.

“அது நான் தைச்சது,” என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “நான் தோய்ச்ச சட்டை. நான் குடிக்காமல் வடிச்ச கஞ்சியில மினுக்கின சட்டை. அதைப் போட்டுக்கொண்டு உன்னட்டை வந்து ரேடியோ மாதிரி வாசிக்கிறார். எனக்கு அவர் என்ன வாசிச்சவர்? பதினெட்டு வருசம் சோறு போடு, தேத்தண்ணி போடு. நான் சிரிக்கமாட்டன் எண்டு ஆர் சொன்னது உனக்கு? கேட்டுப் பாத்தவரோ?”

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. யோகாம்பிகையை ஏசினாள், உள்ளே இருந்தவரை ஏசினாள், பிறகு திரும்பி வேலிகளைப் பார்த்து ஏசினாள். “பொதுக் கிணத்துக்கும் ஒரு முறை இருக்கு. என்ர மனுசனை நீங்கள் முறையில்லாமல் அள்ளினீங்கள். பணியாரம் திண்டீங்கள். பனாட்டுப் போட்டீங்கள். ஒருத்தராவது வந்து, சறோ நீ சாப்பிட்டியோ எண்டு கேட்டீங்களோ?” வேலிகளுக்குப் பின்னால் ஊர் தலையைக் குனிந்தது. விதானையார் தொப்பியைக் கழற்றினார். சில பெண்கள் முதன்முறையாக யோகாம்பிகையின் வீட்டைத் தாங்களாகவே கோபத்தோடு பார்த்தார்கள்.

அக்கரையில் குத்தினான். ஊர் எண்ணத் தொடங்கியது, ஆனால் ஒருவரும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை, அவள் இன்னும் ஏசி முடிக்கவில்லை. வீட்டுக்குள் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியாது. அன்றைக்கு ஒருவரும் கேட்கவுமில்லை. கதவு உள்ளே பூட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

குத்திய எட்டும் பழமாகவே விழுந்தன, அந்த வருடத்தில் விழுந்தவற்றில் எல்லாம் பெரியவை. இரண்டு பள்ளிக்கூடத்து ஓட்டைப் பிரித்துக்கொண்டு மண்டபத்துக்குள் விழுந்து சிதறின. பிள்ளைகள் விடைத்தாளிலிருந்து தும்பை வழித்துவிட்டு மிச்சத்தை எழுதினார்கள். நிரோஜாவின் கேத்திரகணிதத்தில் ஒரு முக்கோணம் மஞ்சளாகப் போயிற்று, திருத்துகிறவர் அதற்குப் புள்ளி குறைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

பொழுதுபடும் நேரம் அருமைநாயகம் வீட்டுக்கு வந்தார். நிரோஜா அறைக்குள் விளக்கோடு அடுத்த நாள் விஞ்ஞானத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். சறோஜினிதேவி புட்டைக் கோப்பையில் போட்டு முன்னால் வைத்தாள். தொண்டை கட்டியிருந்தது.

“நல்லா ஏசினீர்,” என்றார் அவர்.

“கேட்டதோ?”

“அக்கரைக்கும் கேட்டிருக்கும். அதுதான் எட்டோட நிப்பாட்டினவன்.”

அவர் புட்டைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கொஞ்ச நேரம் விறாந்தையில் நின்றார். பிறகு குசினி விளக்கை எடுத்துக்கொண்டுபோய் விறாந்தைச் சுவரில் கிடந்த தங்கள் வீட்டு மீற்றருக்கு முன்னால் பிடித்தார். சிலந்தி வலையைச் சட்டைக் கையால் துடைத்தார். செருமிக்கொண்டார்.

“ஏழாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு,” என்று வாசித்தார், ரேடியோவில் புதினம் வாசிப்பதுபோல.

சறோஜினிதேவி குசினி வாசலில் நின்றாள்.

“சட்டப்படி குற்றம்,” என்றார் அவர். “ஆரும் கேட்டால் நான் வாசிக்கேல்லை.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வராமல் இருக்கச் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள், அப்படியும் வந்தது, கட்டின தொண்டையால் அது ஒரு கோழிச் சத்தமாக வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் அக்கரையில் ஒரேயொரு குத்துச் சத்தம் கேட்டது.

மற்ற நேரம் செல்தான் என்று விதானையாருக்குச் சொன்னவள் அவள். நிரோஜாவைக் கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிட நேரம் காணாது என்று தெரிந்தது. விளக்கை அவர் கையிலிருந்து வாங்கினாள், வாங்கிய கையை அவர் விடவில்லை. இரண்டு பேரும் எண்ணினார்கள். குசினிக்குப் பின்னால், வாழைக்கும் வேலிக்கும் நடுவில், தொம் என்று ஒரு சத்தம் கேட்டது.

“என்னம்மா விழுந்தது?” என்று நிரோஜா அறைக்குள்ளிருந்து கேட்டாள்.

“தேங்காய். நீ படி.”

அந்த வளவில் தென்னை இல்லை. நிரோஜா படித்தாள்.

அது சிறியதொரு பழம், ஆனால் மூடிவரைக்கும் பழுத்திருந்தது, வளவு முழுவதும் மணத்தது. சறோஜினிதேவி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாழையடியில் நின்றாள். சபை எப்படிக் கூடும், என்ன தீர்மானிக்கும், படலைப் பிணைச்சலுக்கு யார் எண்ணெய் கொண்டு வருவார்கள், யார் குடையோடு வந்து வெளியில் நிற்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது. தும்பு தும்பாகப் பிய்த்து வாளித் தண்ணீரில் கரைத்தாள். கொட்டைகளைச் சாம்பலுக்குள் தாட்டு மறைத்தாள். புருசனுடைய சட்டையைக் கழற்றித் தரச்சொல்லி அதைத் தோய்த்துக் கொடியில் போட்டாள்.

அடுத்த நாள் காலையில் விதானையார் வந்தார். முகம் வாடியிருந்தது, இரவு சாப்பிடவில்லை என்று தெரிந்தது. அவர் ஊரின் எல்லா ஒழுங்கைகளுக்கும் போய்விட்டுக் கடைசியாக இங்கே வந்திருந்தார்.

“நேற்றுப் பொழுதுபட ஒண்டு குத்தினவன் பிள்ளை. விழுந்த இடத்தைக் காணேல்லை.”

“கடலுக்கை விழுந்திருக்கும், விதானையார்.”

“இந்தப் பக்கம்தான் சத்தம் வந்தது எண்டு சொல்லுகினம்.”

“நான் கேக்கேல்லை.”

விதானையார் படலையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். “பழ மணம் ஒண்டு வருகுது.”

“அவரின்ர சட்டை தோய்ச்சனான்.”

விதானையார் கொடியைப் பார்த்தார். சட்டை புது மஞ்சளாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அவளைப் பார்த்தார். விறாந்தையில் அருமைநாயகம் வேறொரு சட்டையோடு குந்தியிருந்து மகளின் பென்சிலைத் தீட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் விஞ்ஞானம், மத்தியானம் அவர் கடற்கரை ஒழுங்கைக்குப் போகத்தான் வேண்டும், அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. கொட்டைகளைத் தாட்ட சாம்பற் குவியலைக் கோழியொன்று கிளறத் தொடங்கியது. சறோஜினிதேவி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. விதானையாரும் பார்க்கவில்லை.

“அப்ப கடலுக்கைதான்,” என்றார் விதானையார்.

அன்றைக்குக் கணக்குச் சரிவரவில்லை. விதானையார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.